வளவில் கூடாரத்துக்கு இடம்: தனியே நடத்துவதா, வலையமைப்பில் சேருவதா?

கூடாரம் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் மக்களுக்கு வருகிற நினைவு வேறு. 1990இல் மடுவிலும், 2009இல் மெனிக் பாமிலும் தறப்பாளுக்குக் கீழே வெயிலையும் மழையையும் எண்ணிக்கொண்டு கிடந்தவர்கள் நாங்கள். அப்படிப்பட்டவர்களிடம், காசு கொடுத்துக் கூடாரத்தில் படுக்க ஆட்கள் வருகிறார்கள் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தவர்களே இப்போது கணக்கும் கேட்கிறார்கள். தலைமன்னார் துறைக்கும் வெளிச்சவீட்டுக்கும் மணல் தீடைகளைப் பார்க்கவும் வருகிறவர்கள், இரவு தங்க இடமில்லாமல் மன்னார் பட்டினத்துக்குத் திரும்பிப் போவதைப் பார்த்த குடும்பங்கள் அவை. பெருநிலத்தில் வயல் இன்னும் கைக்கு வரவில்லை, அல்லது வந்தும் தண்ணீர் இல்லை. கையில் இருப்பது கடலோரம் பனையும் தென்னையும் நிற்கிற ஒரு வளவு மட்டும்.

அப்படியான ஒரு குடும்பம் எங்களிடம் கொண்டுவந்த கேள்வியே இந்தக் கட்டுரைக்குக் காரணம். வளவில் மூன்று கூடாரத்துக்கு இடம் செய்து, ஒரு மலசலகூடமும் கட்டிவிட்டார்கள். அதன்பின் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து, "எங்கள் வலையமைப்பில் சேருங்கள், எங்கள் பலகையை வாசலில் போடுங்கள், ஆட்களை நாங்கள் அனுப்புகிறோம்" என்றாராம். சேருவதா, தனியே நடத்துவதா? சேர்ந்தால் எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம்?

இந்தக் கேள்வி உலகத்துக்குப் புதிதல்ல. இதில் நீண்ட அனுபவம் உள்ளவர்கள் பிரித்தானியாவின் கமக்காரர்கள். அங்கே மக்கள் விடுமுறைக்குக் கரவனில் போவார்கள். கரவன் என்றதும் எங்கள் ஆட்களுக்கு நிசான் வான்தான் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போகிற, படுக்கையும் அடுப்பும் உள்ள சிறு வீடு. அதைக் கொண்டுபோய் நிறுத்த இடம் வேண்டும். அந்த இடத்தைக் கொடுப்பவர்களில் பெரும் பகுதியினர், மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் ஒரு புல்வெளியை ஒதுக்கி வைத்திருக்கிற கமக்காரர்களே.

அங்கே 1960இல் ஒரு சட்டம் வந்தது. கரவன் நிறுத்த இடம் கொடுப்பவர் உள்ளூராட்சிச் சபையின் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்றது. சிறியவர்களுக்குச் சில விலக்குகளையும் வைத்தது. 5 ஏக்கருக்குக் குறையாத காணி உள்ளவர் வருடத்தில் 28 நாட்களுக்கு மேற்படாமல், ஒரே நேரத்தில் 3 கரவன்வரை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நிறுத்தலாம். இன்னொரு விலக்குத்தான் எங்கள் கேள்விக்கு முக்கியமானது. அங்கீகாரம் பெற்ற ஒரு சங்கம் ஒரு கமக்காரரின் இடத்தைப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தால், அவர் 5 கரவன்வரை நிறுத்தலாம். சபையின் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. 1907இல் தொடங்கிய கரவன் கழகமும், 1901இல் சைக்கிளில் போய்க் கூடாரமடித்தவர்கள் தொடங்கி இன்று கூடாரம், கரவன் இரண்டுக்குமாக உள்ள கழகமும் இப்படிச் சான்றிதழ் கொடுக்கிற பெரிய சங்கங்கள். அந்த நாடெங்கும் இத்தகைய 5 கரவன் இடங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு.

அந்த இடங்களில் பெரிய வசதி எதையும் எதிர்பார்க்க வேண்டாம். குடிதண்ணீர்க் குழாய் ஒன்று, மலக்கழிவைக் கொட்ட ஒரு குழி, குப்பைக்கு ஒரு ஏற்பாடு. இவையே அடிப்படை. வண்டிக்கு வண்டி 6 மீற்றர் இடைவெளி விடவேண்டும், நெருப்புப் பிடித்தால் பரவக்கூடாது என்பதற்காக. கட்டணத்தை நிர்ணயிப்பவர் காணிக்காரரே. சங்கத்தின் கைந்நூலில் அவருடைய இடம் அச்சாகி, இலட்சக்கணக்கான அங்கத்தவர் கைக்குப் போகிறது. விளம்பரச் செலவு என்று தனியாக ஒன்று இல்லை.

இதற்கு அவர் கொடுக்கும் விலை என்ன? முதலாவது, ஆறாவது வண்டியை நிறுத்த முடியாது. பெருநாள் விடுமுறையில் வாசலில் பத்துப்பேர் வந்து நின்றாலும் ஐந்துதான். இரண்டாவது, அந்தச் சங்கத்தின் அங்கத்தவரைத் தவிர வேறு யாரையும் ஏற்கக்கூடாது. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: அந்த உரிமை காணியோடு ஒட்டியதல்ல, சான்றிதழோடு ஒட்டியது. சங்கம் சான்றிதழை எடுத்துக்கொண்டால் மறுநாளே விலக்கும் போய்விடும். தனியே நடத்துகிறவர் சபையில் அலைந்து அனுமதி எடுக்கிறார், தன் காசில் விளம்பரம் செய்கிறார். ஆனால் அனுமதி அவர் பெயரில் இருக்கிறது. யார் வந்தாலும் ஏற்கலாம், திரும்பி வருகிறவர் அவருடைய ஆள்.

இங்கே நில்லுங்கள். பிரித்தானியக் கமக்காரர் சங்கத்தில் சேருவதற்கு இரண்டு காரணங்கள்: சட்ட விலக்கு, வாடிக்கையாளர். எங்கள் நாட்டில் முதலாவது கிடையாது. எந்த வலையமைப்பில் சேர்ந்தாலும் பிரதேச சபையிடமோ கரையோரத் திணைக்களத்திடமோ நீங்கள் எடுக்கவேண்டிய அனுமதியில் ஒரு தாளும் குறையாது. "எங்களோடு சேர்ந்தால் எல்லா அனுமதியும் நாங்கள் பார்ப்போம்" என்று யாராவது சொன்னால், யார் பெயரில் எடுப்பீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் பெயரில் என்றால் வேண்டாம். ஆகவே எங்களுக்கு மிஞ்சுவது வாடிக்கையாளர் என்ற ஒன்றே. அதற்கு என்ன விலை கொடுக்கலாம் என்பது கணக்குப் பார்க்கக்கூடிய விடயம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இலக்கங்கள் உதாரணத்துக்கே, உங்கள் இலக்கங்களை வைத்து நீங்கள் போடுங்கள். 3 கூடார இடம். பருவம் 120 நாள் என்று வைப்போம். ஒரு இடத்துக்கு ஒரு இரவுக்கு 2,000 ரூபா. ஒரு இரவுக்கான செலவு, அதாவது தேநீர், காஸ், துணி தோய்ப்பது, துப்புரவு எல்லாம் சேர்த்து 600 ரூபா. தனியே நடத்தினால் காற்பங்கு இரவுகள் நிரம்புகின்றன என்றால் 90 இரவு. இரவுக்கு மிஞ்சுவது 1,400 ரூபா. மொத்தம் 126,000 ரூபா.

வலையமைப்பு நூற்றுக்கு 15 கழிவு எடுக்கிறது என்போம். புக்கிங் டொட் கொம் போன்ற இணைய நிறுவனங்களின் கழிவும் பொதுவாக அந்த அளவில்தான். 2,000இல் 300 போய்விடும். செலவு போக இரவுக்கு 1,100 மிஞ்சும். பழைய 126,000ஐ எடுக்கவே 115 இரவு நிரம்பவேண்டும். அதாவது வலையமைப்பு உங்களுக்கு நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக ஆட்களைக் கூட்டித் தந்தால்தான் நீங்கள் நின்ற இடத்திலாவது நிற்பீர்கள். 120 இரவு தந்தால் 6,000 ரூபாதான் இலாபம். அதற்கு 30 இரவு கூடுதலாகத் துணி தோய்க்கவேண்டும். தோய்ப்பது யார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். 180 இரவு தந்தால் 198,000. அது பேசத்தக்க வித்தியாசம்.

கழிவு 15 என்பது சிறு தொகை போலக் கேட்கும். அது விற்பனை விலையில் 15. உங்கள் கையில் மிஞ்சுவதில் அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். நெல்லைக் களத்திலேயே விலை பேசி விற்ற எவருக்கும் இந்த வித்தியாசத்தை விளக்கவேண்டியதில்லை.

இன்னொன்று. கழிவு யாருக்காகக் கொடுக்கிறோம் என்று பாருங்கள். வலையமைப்பு அனுப்பிய ஆளுக்குக் கொடுப்பது நியாயம். பறவை பார்க்க வந்து, உங்கள் கையால் ஒடியற்கூழ் குடித்து, அடுத்த வருடம் தொலைபேசியில் நேரே உங்களைக் கூப்பிடுகிறவருக்கும் கழிவு கொடுக்கவேண்டுமா? சில உடன்படிக்கைகள் கொடுக்கவேண்டும் என்கின்றன. தாங்கள் அனுப்பாதவரை ஏற்கவே கூடாது என்கிறவையும் உண்டு. இணைய நிறுவனங்களுடன் சேருவதில் உள்ள நன்மை, பொதுவாக ஒன்றில் சேர்ந்தவர் மற்றதிலும் சேரலாம், தனியாகவும் ஆட்களை ஏற்கலாம் என்பது. தீமை, அங்கே உங்கள் பெயருக்குப் பக்கத்தில் வருகிறவர்கள் போடும் மதிப்பெண். முதல் நான்குபேரில் ஒருவர் நுளம்பு கடித்தது என்று எழுதினால் அதைக் கழுவ ஒரு வருடம் செல்லும்.

பலகைக்கும் பெறுமதி உண்டு, அதை மறுக்கமுடியாது. முன்பின் தெரியாத ஊரில், இரவில் ஒரு பெண்பிள்ளையோடு வந்து இறங்குகிற குடும்பம் எதை நம்பித் தங்கும்? பிரான்சில் 1955இல் தொடங்கிய நாட்டுப்புற விடுதிகளின் சங்கம், ஒவ்வொரு கமக்கார வீட்டையும் பார்த்து, தரத்துக்கேற்ப கோதுமைக் கதிர் அடையாளம் போடுகிறது. எத்தனை கதிர் என்று பார்த்து ஆட்கள் போவார்கள். நாட்டைவிட்டு நகரத்துக்கு இளைஞர் போய்க்கொண்டிருந்த காலத்தில், இடிந்துகொண்டிருந்த பழைய வீடுகளைத் திருத்திக் கமக்காரரைக் காணியிலேயே இருக்கவைக்கவே அதைத் தொடங்கினார்கள். எங்கள் நாட்டில் அந்த நம்பிக்கையைத் தருவது இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் பதிவு. வீட்டில் ஆட்களைத் தங்கவைப்பவர்களும் அதில் பதியலாம். தனியே நடத்துவதானாலும் இந்தப் பதிவை எடுத்துவைப்பது, யாரோ ஒரு நிறுவனத்தின் பலகையைவிட மேல் என்பது எங்கள் அபிப்பிராயம்.

மூன்றாவது வழியும் ஒன்று இருக்கிறது. ஊரிலேயே ஐந்தாறு வீடு சேர்ந்து தங்களுக்கென்று ஒரு சிறு வலையமைப்பை வைத்துக்கொள்வது. ஒரு தொலைபேசி, ஒரு பதிவுக் கொப்பி, ஒரே கட்டணம், ஒரே மாதிரிப் படுக்கை விரிப்பு. ஒரு வீட்டில் கூடாரம், ஒரு வீட்டில் சாப்பாடு, ஒருவரிடம் முச்சக்கரவண்டி. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இருக்கிற ஊரில் அதன் கீழேயே ஒரு குழுவாகத் தொடங்கலாம். கேரளத்தில் குமரகத்தில் 2008 அளவில் செய்தது இதற்குக் கிட்டியது. அங்கே குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் மரக்கறி பயிரிட்டு ஹோட்டல்களுக்குக் கொடுத்தன. தங்குமிடம் நடத்தாதவருக்கும் சுற்றுலாவில் பங்கு கிடைத்தது. வளவு இல்லாமல் திரும்பிவந்து, உறவினர் காணியில் இருக்கிற குடும்பங்களுக்கு இது ஒரு வாசல்.

ஆனால் கூட்டாகச் செய்யும்போது சண்டை எங்கே வரும் என்பதும் எங்களுக்குத் தெரியும். தொலைபேசி யார் வீட்டில் இருக்கிறதோ அந்த வீடு எப்போதும் நிரம்பியிருக்கும். மற்ற வீட்டார் முதல் மாதம் பொறுப்பார்கள், இரண்டாம் மாதம் கதைக்கமாட்டார்கள். இதற்கு மருந்து கடற்கரையிலேயே இருக்கிறது. கரைவலைப் பாட்டில் யார் வலை முதலில், யார் அடுத்தது என்று முறை வைத்துத்தானே இழுக்கிறார்கள்? ஆள் வருகிற முறையையும் அப்படியே கொப்பியில் எழுதி, எல்லோரும் பார்க்கும் இடத்தில் தூக்குங்கள். வருகிறவர் குறிப்பிட்ட ஒரு வீட்டைப் பெயர் சொல்லிக் கேட்டால் அது முறையில் சேராது என்பதையும் முதல் நாளே எழுதிவையுங்கள். நன்றாகச் சமைப்பவர் அந்தப் பெயரைச் சம்பாதித்திருக்கிறார், அதை முறைக்குள் அடக்கினால் அவர் விலகிவிடுவார்.

காசுக் கணக்கைவிடப் பெரிய கணக்கு தண்ணீர். மன்னார்த் தீவில் கிணறு வெட்டியவர்களுக்கு இது தெரியும், என்றாலும் காரணத்தைச் சொல்லவேண்டும். எங்கள் நல்ல தண்ணீர் பாறைக்குள் இருப்பதல்ல. மழை மணலுக்குள் இறங்கி, கீழே உள்ள உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. உப்புத் தண்ணீர் சற்றுப் பாரம் கூடியது, அதனால்தான் மிதக்கிறது. இது ஒரு தராசு மாதிரி. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிவரை நல்ல தண்ணீர் இருக்கும். மேலே 1 அடி குறைந்து அப்படியே நின்றால், கீழிருந்து உப்பு 40 அடி அளவுக்கு ஏறி வர இடமுண்டு. மோட்டர் போட்டு ஒரே இடத்தில் வேகமாக இறைத்தால் அந்த இடத்தில் உப்பு கூம்பு மாதிரி மேலே எழும்பும். அப்படி உப்பேறிய கிணறு ஒரு மாரியில் திருந்தாது. பக்கத்து வளவுக் கிணறும் சேர்ந்துதான் கெடும்.

இப்போது வருகிறவரைப் பாருங்கள். வாளியால் அள்ளிக் குளிப்பவர் 40, 50 லீற்றரோடு முடிப்பார். நீர்த்தூவியைத் திறந்துவிட்டு 10 நிமிடம் நிற்பவருக்கு அதன் இரண்டு மடங்கு வேண்டும். கடலில் குளித்துவிட்டு வந்து ஒரு நாளில் இரண்டு தரம் குளிப்பார்கள். வலையமைப்புக்காரர் தங்கள் தரம் என்று சொல்லி நீர்த்தூவி, தண்ணீர் அடித்துவிடும் மலசலகூடம், சில வேளை சிறு நீச்சல் தடாகம்கூடக் கேட்பார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே சேராமல் விடலாம். தொட்டியும் வாளியும் வைத்து, "இந்தத் தீவில் தண்ணீர் அருமை" என்று ஒரு மட்டையில் எழுதித் தூக்குங்கள். பறவை பார்க்க வருகிறவர்கள் அதைப் பார்த்து முகம் சுளிக்கமாட்டார்கள். மலசலகூடக் குழி கிணற்றுக்கு 50 அடிக்குள் வரவே கூடாது. எங்கள் மணலில் 100 அடி தள்ளியிருந்தால் நிம்மதி. அடுத்த வளவுக் கிணற்றுக்கும் இதே தூரம்.

காணிப் பத்திரத்துக்கு வருவோம். உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா என்பதை முதலில் பாருங்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த காணியை, பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியில்லாமல் வேறொருவருக்கு மாற்றமுடியாது. "உங்கள் காணியை 10 வருடத்துக்கு எங்களுக்குத் தாருங்கள், நாங்களே நடத்திப் பங்கு தருகிறோம்" என்று வருகிறவருக்கு இது தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்பார். இருபது வருடம் காணியைப் பிரிந்திருந்து, திரும்பிவந்து வேலி அடைத்தவர்கள், அந்த வேலிக்குள் இன்னொருவரின் பெயர்ப்பலகையைப் போடுமுன் ஒரு சட்டத்தரணியிடமோ பிரதேச செயலகக் காணி உத்தியோகத்தரிடமோ அந்தத் தாளைக் காட்டுங்கள். காட்ட நேரமில்லை, இன்றைக்கே முடிக்கவேண்டும் என்று அவர் சொன்னால், அதிலேயே உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்குள் கட்டடம் போன்றவற்றுக்குக் கரையோரத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கிடுகுக் கொட்டில்தானே என்று நீங்களே தீர்மானிக்காமல் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஆதாம் பாலத் தீடைகள் பாதுகாக்கப்பட்ட தேசியப் பூங்கா. வங்காலைப் பக்கம் 2008 முதல் சரணாலயம், 2010இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. வருகிறவரைச் சந்தோசப்படுத்த அனுமதியில்லாமல் வள்ளத்தில் தீடைக்கு ஏற்றிப்போனால், பிடிபடுவது வந்தவர் அல்ல, வள்ளக்காரர்.

பருவம் பற்றியும் ஒரு வார்த்தை. பூநாரைகளும் மற்ற வலசைப் பறவைகளும் கார்த்திகை தொடங்கிப் பங்குனிவரை நிற்கும், பார்க்க வருகிறவர்களும் அப்போதுதான் வருவார்கள். அதில் முன்பாதி மாரி மழை, வயல் வேலை. வயல் உள்ளவர் இரண்டையும் எப்படிப் பார்ப்பார் என்று முதலே யோசிக்கவேண்டும். ஆடிக் காற்றிலே கடலில் காற்றுச் சவாரி செய்கிற வெளிநாட்டார் வருவதுண்டு. அந்தக் காற்றில் எங்கள் மணல் கூடாரத்துக்குள்ளும் சோற்றுக்குள்ளும் சேர்ந்தே வரும். பனங்கூடலுக்கு ஒதுக்கமாக இடம் செய்தவரே தப்புவார்.

கடைசியாக, இந்தத் தொழில் எவ்வளவு ஆட்டம் காணும் என்பதற்கு நாட்டுக் கணக்கே சாட்சி. 2018இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டார் 23 இலட்சத்துக்கு மேல். 2019இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள், பிறகு கொரோனா. 2021இல் வந்தவர்கள் 2 இலட்சத்துக்கும் குறைவு. 2022இல் பெற்றோல் வரிசை. 2024இல்தான் திரும்பவும் 20 இலட்சத்தைத் தாண்டியது. அந்த இடைவெளியில் எந்த வலையமைப்பாலும் முன்போல ஆட்களை அனுப்ப முடிந்திருக்காது. ஆனால் வருடச் சந்தா கேட்கிற வலையமைப்பு என்றால் சந்தாவைக் கேட்டிருக்கும். ஆகவே சந்தா கேட்பவரைவிட, ஆள் வந்தால் மட்டும் கழிவு எடுப்பவர் மேல். கூடாரம் வாங்க ஆட்டை விற்கவேண்டாம், நகையை ஈடு வைக்கவேண்டாம்.

எங்களிடம் வந்த குடும்பத்துக்கு நாங்கள் சொன்னது இதுதான்: ஒரு பருவம் தனியே நடத்துங்கள், ஒவ்வொரு இரவையும் கொப்பியில் எழுதுங்கள், யார் சொல்லி வந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். அந்தக் கொப்பி இல்லாமல் கொழும்புக்காரரோடு பேச உட்கார்ந்தால் அவர் சொல்வதே கணக்கு. கொப்பி இருந்தால் 115ஆம் இரவை அவரிடம் கேட்கலாம். உடன்படிக்கை தமிழில் இருக்கவேண்டும், வெளி ஆட்களையும் ஏற்கலாம் என்று அதில் எழுதியிருக்கவேண்டும், மூன்று மாத அறிவித்தலில் விலகலாம் என்றும் இருக்கவேண்டும். பங்குனி கழிந்து கொப்பியோடு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள். பக்கத்து இரண்டு வளவுக்காரரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம். கிணறு மூவருக்கும் ஒன்றுதானே.